அடிக்குரல்

தேவராஜா கட்டவேண்டியிருந்தது சரியாக இருநூற்று எண்பத்தாறு டொலர். லிட்கம் ஊர் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பாட்டுக் குழுவுக்கு இரண்டு தவணைப் பணமும், பாட்டுத் தாளுக்கான காசும் சேர்ந்த கணக்கு.

பாரிசவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்காக நடக்கும் குழு அது. பழைய இங்கிலாந்து நாட்டுப்பாடல்களை நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். அவர் மனைவி இராஜேஸ்வரிக்கு ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். மெட்டை வேறு யாரோ பாடிக்கொண்டு போக, ஆல்டோக்காரருக்குக் கிடைப்பது அடியில் ஓடும் துண்டு துணுக்குத்தான். ஒரு ‘கம் ஹோம்’, கொஞ்சம் முனகல், பிறகு ஒரு நீண்ட ‘ஓ’.

தமிழில் ஒரு சொல்லும் வராத வாயில் அந்தத் துண்டுகள் வந்தன. வீட்டில் அவளுக்கு அதுவே பாஷையாகிப் போனது. ‘கம் ஹோம்’ என்று இழுத்தால் தண்ணீர். முனகல் ஏறினால் கால் உளைகிறது. ‘ஓ’ என்றால் தேவராஜா. டைல் பதித்துத் தேய்ந்த முழங்காலோடு எழும்பி ஓடுவார்.

வேலை குறைந்தது. கடன் ஏறியது. சொல்ல வெட்கப்பட்டு, அவளுக்குச் சுகமில்லை என்று குழுவிடம் பொய் சொல்லி, அவளைப் போகவிடாமல் மறித்துவிட்டார். ஆறு செவ்வாய்க்கிழமை போனது. முதலில் ‘ஓ’ நின்றது. பிறகு முனகல். கடைசியில் தண்ணீரும் கேட்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

அன்றே டைல் வெட்டும் மெஷினை, தன்னோடு வேலை செய்யும் பிரஷாந்தனிடம் கொண்டுபோனார்.

“இதை வித்துப்போட்டு நாளைக்கு எதாலை வெட்டப்போறியள் அண்ணை? பல்லாலையோ?”

“நீ காசை எடடா.”

முந்நூறு கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை இராஜேஸ்வரியை ஆல்டோ வரிசையில் இருத்திவிட்டு, கணக்குப் பார்க்கும் சுஜீவாவின் மேசையில் காசை வைத்தார்.

“கஷ்டமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை. விட்டிருப்பம்.”

“இல்லைப் பிள்ளை, எண்ணுங்கோ.”

பாட்டுத் தொடங்கியது. இது வேறு பாட்டு. “‘கம் ஹோம்’ பாட்டு எங்கை பிள்ளை?” என்றார்.

“அது போன டேர்ம் பாட்டு. தாளெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு,” என்றாள் சுஜீவா.

இராஜேஸ்வரியின் மடியில் புதுத்தாள் கிடந்தது. வாய் பூட்டியிருந்தது. மெஷினும் போய், இதுவும் இல்லையென்றால்?

தேவராஜா எழும்பினார். மெட்டு அவருக்குத் தெரியாது. வீட்டில் கேட்ட அடிக்குரல்தான் தெரியும். சீமெந்துத் தூசி அடைத்த தொண்டையால் அதைப் பாடினார். தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாட்டு நடத்தும் ஹெலன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். ஒரு ஆல்டோக் கிழவி அவரோடு சேர்ந்தாள். பிறகு இன்னொருத்தி. மேலே மெட்டும் வந்து ஏறியது.

‘கம் ஹோம்’ வந்தது, போனது. இராஜேஸ்வரி அசையவில்லை. இரண்டாம் சுற்று. அதுவும் போனது. பாட்டு முடிந்துவிட்டது.

அந்த அமைதியில், “கம்... ஹோம்,” என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் அவரையே பார்த்து மறுபடியும், “கம் ஹோம்.”

இன்னும் பாடுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தேவராஜா தண்ணீருக்காக மண்டபத்துக் குசினிக்கு ஓடினார்.

அவள் மடக் மடக்கென்று குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. பக்கத்தில் வந்து சுஜீவா ரசீதை நீட்டினாள்.

“கணக்குத் தீர்ந்துது அண்ணை. ஒண்டும் மிச்சமில்லை.”

“சட்டைப் பைக்குள்ளை வையுங்கோ பிள்ளை,” என்றார். அவருடைய இரண்டு கைகளும் அவள் வாயருகே கோப்பையைப் பிடித்திருந்தன.