இயந்திரம் படிக்காத வரிகள்

வீடே காலியாகிவிட்டது. பின்னறைக் கணினி மட்டும், மின்வெட்டுக்காக வைத்த பேட்டரியோடு, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க் கிழடு. ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாது. அதனால் அதை அணைக்கவே கூடாது என்பது நண்பர் குழுவின் சட்டம்.

அந்த வகைக் கணினிக்கு நிரல் எழுதிய அந்தக் குழு இந்த வீட்டில் கூடினால், முன்பெல்லாம் செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவில் கிடக்கும். இப்போது, வீட்டுக்காரியான அவளைத் தவிர, மிஞ்சியது மூன்றே பேர். அவள் கணவர் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாத்திரம் பண்டம் எது உடைந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அந்த டிஸ்க்கில் இருந்த வரிகள் மட்டும் வேண்டும். கல்யாணத்துக்கு முன், அவள் எழுதிய மருந்துக்கடை நிரலைத் திருத்தித் தரும்போதெல்லாம் அவர் நடுவில் அவளுக்கென்று ஒரு குறிப்பு வரி சேர்ப்பார். கணினி அதைப் படிக்காமல் தாண்டிவிடும், அவள் தாண்டமாட்டாள். கல்யாணமான பிறகும், சண்டை போட்டால் சமாதானம் அந்த வழியாகத்தான் வந்தது.

பிரதி எடுக்க ஒட்டகம் வந்திருந்தார். கணவரின் கூட்டாளி; உயரத்துக்காக வைத்த பெயர்.

"மேல்நிலை இடிக்கும், பார்த்துண்ணே. போன தடவை வீங்குன மண்டை இன்னும் வடியல போல."

"வடிஞ்சிருச்சும்மா. முடிதான் அதோட போயிருச்சு."

அவர் கேபிளை மாட்டினார். பிரதி எறும்பு ஊர்வதுபோல ஏறியது. வாசலிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்.

"அண்ணி, லாரிக்காரர் கிளம்பறேங்கறார்!"

"உங்கண்ணன் சம்பாதிச்சதே இதுக்குள்ளதான் இருக்கு. இருக்கச் சொல்லுப்பா."

திரை அப்படியே நின்றது. ஒட்டகம் விசையைத் தட்டினார். அசையவில்லை. அவர் இப்போது பார்க்கும் வேலையில், எது மாட்டிக்கொண்டாலும் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் முதல் வைத்தியம். பேசிக்கொண்டே கையைப் பின்னால் விட்டு அணைத்தார், உடனே போட்டார்.

போட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது.

உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவ்வளவுதான். பெட்டியைச் சாய்த்தார், தட்டினார், டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் திருகிப் பார்த்தார். பாதியில் நின்ற பிரதியும் திறக்கவில்லை. பிணத்துக்கு வைத்தியம் பார்த்த கதைதான்.

"நான்தாம்மா... இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்," என்றார்.

"மத்தவங்ககிட்ட பிரதி இருக்கான்னு கேளுங்கண்ணே."

போனில் முதல் ஆள், "என்கிட்ட ஏது? ஒட்டகம் எடுத்து வச்சிருப்பான்னுல்ல இருந்தேன்," என்றார். அடுத்தவர், "அவன் சாகறவரைக்கும் அது ஓடிட்டுதானேடா இருந்துச்சு, பிரதி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே அழுதார்.

கொழுந்தன் அறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, முதல் முதல்ல எனக்கு என்ன எழுதினார்? நீங்க எல்லாரும் படிச்சுட்டுக் கேலி பண்ணீங்களே."

ஒட்டகம் டிஸ்க்கைக் கீழே வைத்தார். "கேலி பண்ணது ஞாபகம் இருக்கும்மா. வரி ஞாபகமில்ல. அதான் உள்ள பத்திரமா இருக்கேன்னு விட்டுட்டோம்."

அவள் கண்ணை மூடித் தேடினாள். மருந்துக்கடை நிரல் முழுவதும் வரிசையாக நினைவுக்கு வந்தது. மருந்தின் பெயர், விலை, காலாவதித் தேதி. அவருடைய வரி இருக்கவேண்டிய இடம் வந்ததும், அவளும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.