வரிசையின் நுனி

அந்த ஸ்கேட்டிங் கூடத்தை ஒரு குடும்பமே நடத்திவந்தது. மாமனார் டிக்கெட் கிழிப்பார். மாமியார் வருகிறவர்களுக்குச் சக்கரக் காலணி மாட்டிவிடுவார். மகனும் மருமகளும் ஓடக் கற்றுக்கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரும் அவள் கணவரும் வந்து கைகொடுப்பார்கள். காலணிச் சக்கரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கும் அந்த வீட்டுப் பிள்ளை மாதிரிதான்.

ஆண்டு விழாவுக்கு ஏழு பேரும் சேர்ந்து ஓர் ஆட்டம் போடுவோம் என்றாள் மருமகள். எல்லாரும் கைகோத்து ஒரே வரிசையாக நின்று, கடிகார முள் போலச் சுற்ற வேண்டும். நிதானமாக ஓடும் மாமியார் அச்சில் நின்றார். மருமகள் நுனியைப் பிடித்தாள்.

ஒத்திகையின் முதல் சுற்றிலேயே வரிசை வாழைப்பழம் போல வளைந்தது.

"என்னம்மா, பின்தங்கிட்டே?" என்றார் மாமியார்.

"நாக்குத் தள்ள ஓடறேன் அத்தை!"

"நானும் ஒரு சுத்து, நீயும் ஒரு சுத்து. ஒண்ணாத்தானே ஆரம்பிச்சோம்? உனக்கு மட்டும் என்ன மூச்சு வாங்குது? தள்ளு, நுனிக்கு நான் வரேன். பாக்கறவங்க கண்ணும் அங்கதான் இருக்கும்."

தடுக்க யாருக்குத் தைரியம்? இடம் மாறினார்கள். பாதிச் சுற்றுக்குள் மாமியாரின் சேலைத் தலைப்பு பறந்தது. "மெதுவா! மெதுவா!" என்று அவர் கத்திக்கொண்டே இருக்கையில் கை நழுவியது. அலங்காரத்துக்காக ஊதிவைத்திருந்த பலூன் குவியலுக்குள் போய் விழுந்தார். பலூன்கள் படபடவென்று வெடித்தன.

எல்லாரும் பதறிக்கொண்டு ஓடினார்கள். பலூன்களுக்கு நடுவே உட்கார்ந்து மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடேங்கப்பா! இந்த ஓட்டமா ஓடிட்டிருந்தே நீ?"

மருமகள் தரையில் சாக்பீஸால் ஒரு சின்ன வட்டமும் அதைச் சுற்றிப் பெரிய வட்டமும் வரைந்தாள். "சுத்தற நேரம் ஒண்ணுதான் அத்தை. ஆனா அச்சில நிக்கறவங்களுக்குத் தட்டு அளவு வட்டம். நுனிக்குக் கூடம் அளவு. நடுவுலேர்ந்து ரெண்டு மடங்கு தள்ளி நின்னா, ரெண்டு மடங்கு வேகமா ஓடணும்."

மாமியார் குனிந்து வட்டங்களைப் பார்த்தார். "அப்ப ஏன் அவ்வளவு தள்ளி நிக்கறே? நான் நடுவுல நிக்கறேன். மூணு பேர் இந்தப் பக்கம், மூணு பேர் அந்தப் பக்கம்."

மருமகள் விரல்விட்டு எண்ணினாள். ஆறு கைத் தூரம் மூன்றாகக் குறையும். நுனியின் வேகமும் பாதியாகும். ஓடிப் பார்த்தார்கள். நூல் பிடித்ததுபோல் நின்றது வரிசை.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. கைதட்டலில் உற்சாகமான மருமகள், "சுத்தற வேகத்தை ரெண்டு மடங்காக்கலாமா?" என்று குரல் கொடுத்தாள். நுனிக்காரர்களுக்கு அது முதல் ஒத்திகையின் பழைய வேகம்தான், சமாளித்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழன்ற மாமியாருக்குத்தான் தலை கிறுகிறுத்தது.

ஆட்டம் நின்றதும் அவர் கம்பீரமாகக் குனிந்து வணங்கினார், சுவரைப் பார்த்து.

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"பாத்தியா, எனக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி" என்றார் மாமியார், மருமகளின் தோளைப் பிடித்துத் தள்ளாடியபடி.