இரண்டு மில்லிமீட்டர்

பெட்டியைத் திறக்கும் முன்பே, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டின் முகவரி அவள் கண்ணில் பட்டுவிட்டது. நான்காவது மாடி, லிஃப்டுக்கு எதிர்க்கதவு. டென்டல் லேபில் ஒன்பது வருடமாகப் பல் செட் செய்கிறவள் அவள். எத்தனையோ பேருடைய வாயைப் பிளாஸ்டர் வார்ப்பாகக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஒரு வாய் அவளைத் தேடிக்கொண்டு வந்து மேசைமேல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“வாங்க சார், வாங்க,” என்றாள், அந்தப் பல்லில்லாத வார்ப்பைப் பார்த்து.

அது பர்னிச்சர் கடைக்காரரின் வாய். போன வருடம், அவளுக்கு நிச்சயமான அதே வாரத்தில், அவளுடைய வருங்காலக் கணவனான லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கட்டடத்துக்கு வேலையாகப் போனான். மாடிப்படிக்கு அடியில் ஒரு நாய் கிடந்தது. கீழ்த்தாடை ஒருபக்கமாகத் தொங்கியது. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே நான்காவது மாடிக்கு வந்தபோது, அந்த மனிதர் வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

“என் நாய்தான். கடையில புது சோபாவோட காலைக் கடிச்சுது, பூட்ஸ் காலால ஒரு உதை விட்டேன். பல்லு போனா செத்தா போயிரும்? கஞ்சி குடிச்சுக்கட்டும். அவ்வளவு கரிசனம்னா நீயே எடுத்துட்டுப் போ.”

எடுத்துக்கொண்டுதான் வந்தான். கால்நடை மருத்துவர் நாய்க்கு மயக்கம் கொடுத்தபோது, அதன் வாயில் அச்சு எடுத்து, தாடையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையை அவளே செய்தாள். நாற்பது நாள். நாற்பது நாளும் வேளைக்கு வேளை ஊசிக்குழாயில் கஞ்சியை ஏற்றி, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நாய் ஒருமுறைகூட அவர்களைக் கடிக்க முயலவில்லை. அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான். உடைந்த தாடையின் அந்த வார்ப்பை அவள் தூக்கி எறியவில்லை. லேபில் தன் தலைக்கு நேர் மேலே, அலமாரியில் வைத்திருந்தாள்.

நாய்க்கு வக்கீல் என்று பெயர் வைத்தார்கள், தெருவில் போகும் ஒவ்வொரு வண்டியோடும் அது வாதாடியதால். ஒற்றைக்கண் பூனை மேனேஜர். யார் எந்தக் காகிதத்தை விரித்தாலும் அதன்மேல் படுத்துக்கொள்ளும், வேறு வேலை கிடையாது. யாரோ வீடு காலி செய்தபோது கூண்டோடு விட்டுப்போன, சிறகு வெட்டிய கிளி ரேடியோ. இத்தனை பேருக்கும் வீடு கொடுக்க ஒருவரும் முன்வராத நிலையில், காது கேட்காத ஒரு வீட்டுக்காரர் தெய்வம் போலக் கிடைத்தார். மேனேஜரின் ஆபரேஷனுக்காக ஒருமுறை, வக்கீலின் தாடைக்காக ஒருமுறை என்று கல்யாணத் தேதி இரண்டு தடவை தள்ளிப்போனது. “தாலி ஏறாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா நாலு பேர் வாயில விழணும்,” என்று சொல்லி, அவனுடைய அம்மா பெட்டியோடு காவலுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அத்தை எதிரில் அவள் அவனைக் கூப்பிடுவது ‘வாங்க, போங்க’. கதவு சாத்தினால் ‘டா’.

வார்ப்புகளை மேலும் கீழுமாகப் பொருத்தி, திறந்து மூடிப் பார்க்க லேபில் ஒரு கருவி உண்டு. அதன் முன்னால் நிற்கும் சின்னக் கம்பிதான், பல் செட் கடிக்கும்போது எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மெழுகில் பதித்த பற்களை மருத்துவர் கடைக்காரரின் வாயில் வைத்துப் பார்த்து, சரியென்று திருப்பி அனுப்பிய அன்று, அவள் அந்தக் கம்பியை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தினாள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மென்றால் தாடை கடுக்கும், பேசினால் பல்லோடு பல் இடிக்கும், காதுக்குள் ஆணி இறங்கும். போய்க் கேட்டால், எல்லா மருத்துவரும் சொல்வதையே அந்த மருத்துவரும் சொல்வார்: வாய் பழக வேண்டும்.

புதிய உயரத்துக்குப் பற்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ‘கஞ்சி குடிச்சுக்கட்டும்’ என்று ஒவ்வொரு பல்லுக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

முதல் வாரமே மருத்துவமனையிலிருந்து உதவியாளப் பெண் போன் செய்தாள்.

“அக்கா, அந்த நாலாவது மாடி ஆளு வந்து ஒரே கத்தல். கடிக்க முடியாத பல்லு எதுக்குன்னு கேக்குறாரு.”

“பழகிரும்னு சொல்லும்மா.”

போனை வைத்ததும் சாக்லேட் ஒன்று வாங்கிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாரமும் போன் வந்தது. ஒவ்வொரு வாரமும் சாக்லேட்.

மூன்றாவது வாரம் வக்கீலை எடை பார்த்த கால்நடை மருத்துவர் தலையில் கை வைத்தார். நான்கு கிலோ ஏறியிருந்தது.

“திருட்டுத்தனமா ஊட்டுறது நீதானடா?” என்றாள் மெக்கானிக்கிடம்.

“சத்தியமா நான் இல்ல. என் தட்டையே மேனேஜர் காலி பண்ணிடுறான், நான் யாருக்கு ஊட்ட?”

அடுத்த நாள் காலையில் கிளி ஒரு புதுச் சத்தம் போட்டது. டக். டக்-டக். டக்.

“என்னடா இது, லிஃப்டுல ரிலே சுவிட்சு அடிக்கிற மாதிரியே கத்துது,” என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. உயரம் கூடிப்போன பல் செட்டின் சத்தத்தை ஒன்பது வருடமாகக் கேட்டவள் அவள். அந்தச் சத்தம் இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது? அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

கடைக்காரரின் செட்டை முடித்த அதே மாலைதான், பொக்கை வாயோடு இருந்த அத்தைக்கும் ஒரு செட் செய்து முடித்திருந்தாள். மருத்துவர் பார்த்துச் சரியென்று அனுப்பிய பிறகு, ‘நம்ம அத்தைக்கு நல்லதா இருக்கட்டும்’ என்று ஆசைப்பட்டு, உயர்ந்த ரகப் பற்களாக மாற்றி அடுக்கியிருந்தாள். அதே கருவியில். கம்பியை இறக்காமல்.

சமையலறையில் அத்தை சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு மேலே பாலில் ஊறிய ரொட்டி. மேசைக்குக் கீழே அவள் கை நீட்டிய கறித்துண்டு. வக்கீல் மரியாதையாக வாங்கிக்கொண்டது.

“அத்தை, பல்லு வலிக்குதா?”

“சேச்சே. நல்லா... டக்... நல்லா இருக்குடா கண்ணு.”

“எத்தனை நாளா அத்தை?”

அத்தை செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். முகம் பொக்கென்று உள்ளே போனது. ஆனால் அப்பாடா என்றிருந்தது. “மாட்டின நாள்லேர்ந்துதான். இருவத்திரெண்டு நாள். மருமக கையால செஞ்ச பல்லுன்னு தெரு முழுக்கக் காட்டிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குறை சொல்றது?”

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் நின்று கேட்ட மெக்கானிக்கின் முகம் கறுத்தது.

“என்ன காரியம் பண்ணியிருக்க நீ? எவன் ஏறுறான்னு பாத்தா நான் லிஃப்டுக்கு போல்ட்டு முடுக்குறேன்? அந்த ஆளும் தினம் ஏறுறான், இறங்குறான்.”

“அந்தத் தாடைய முதல்ல பாத்தது நீங்கதானே?”

“பாத்தேன். அதுக்காக? அம்மாவோடத இன்னைக்கே சரி பண்ணு, அந்த ஆளோடதையும் வரவழைச்சு சரி பண்ணு. இல்லன்னா இந்தத் தடவை தேதிய நான் தள்ளி வைப்பேன், சொல்லிட்டேன்.”

பழியா, கல்யாணமா என்று அவன் நேருக்கு நேர் கேட்டுவிட்டான்.

“நீ கொஞ்சம் சும்மா இருடா,” என்றாள் அத்தை. பல்லில்லாத வாயிலிருந்து வார்த்தைகள் வழுக்கி வந்தன; குரல் வழுக்கவில்லை. “வலிச்சவ நான். ஏம்மா, அவனுக்கும் இதே வலிதானா?”

“இதேதான் அத்தை.”

“காது வரைக்கும் குத்துதே, அதுவுமா?”

“அதுவும்.”

அத்தை குனிந்து, வக்கீலின் கோணலாகச் சேர்ந்த தாடையை விரலால் தடவினாள். “இது எத்தனை நாள் கஞ்சி குடிச்சுது?”

“நாப்பது.”

“நாப்பதுல இருவத்திரெண்டு போனா பதினெட்டு. பதினெட்டாம் நாள் அவனோடத வரவழைச்சு ஒழுங்கா செஞ்சு குடு. ஒரு நாள் முன்னாலயும் வேணாம், ஒரு நாள் பின்னாலயும் வேணாம்.” பிறகு மகனைப் பார்த்தாள். “பத்தொம்பதாம் நாள் நீ தேதி குறி. நடுவுல யாரும் வாயத் திறக்கக் கூடாது. நானே திறக்க முடியாம உக்காந்திருக்கேன்.”

மெக்கானிக் எதையோ சொல்லத் தொடங்கி, அம்மாவின் பொக்கை வாயைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினான். சிரிப்பை அடக்கியது முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

அத்தையின் செட்டை அவள் இரண்டே நாளில் சரிசெய்து கொண்டுவந்தாள். அன்று மாலை அத்தை கறித்துண்டை ஆசை தீர மென்றாள், ஒன்றுவிடாமல். மேசைக்கு அடியில் வக்கீல் வெகுநேரம் காத்திருந்தது. பிறகு, பல்லைச் சரிசெய்த அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

அப்போது போன் அடித்தது. மருத்துவமனைப் பெண். “அக்கா, அந்த ஆளு...”

“இன்னும் பதினாறு நாள்ல பழகிரும்மா,” என்றாள் அவள்.