சோதனை 413

அறையைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அதைப் பார்த்த நாத்தனார், அழட்டும், அடக்கி வைத்தால்தான் ஆபத்து என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அவளைத் தோளோடு அணைத்துக் கூடத்துக்கு அழைத்துவந்து உட்கார வைத்தாள். கூடத்தின் நடுவில் அவள் கணவர் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். பார்த்தவர்கள் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தார்கள். துக்கம் இன்னும் அவள் பக்கம் வந்து சேரவில்லை. அவள் பயத்தில் அழுதாள்.

பூட்டிய அறைக்குள் கணினி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நாலு பேர் அவரை நாற்காலியிலிருந்து தூக்கியபோது, அவர்கள் தோள்களுக்கு இடையில் அவள் திரையைப் பார்த்தாள். மூலையில் சிவப்பு வட்டம் எரிந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் திரை தானாகவே கறுத்துவிட்டது. திரை தூங்கினாலும் பெட்டி தூங்காது என்பது அவளுக்குத் தெரியும். சிவப்பு எரிந்தால் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். "செவப்பு எரியிறப்ப வாயத் தெறந்துடாத, அது எல்லாத்தையும் முழுங்கி வச்சுக்கும்" என்று அவரே எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறார்.

அப்படியானால் இன்று காலை நடந்ததையும் அது முழுங்கித்தான் வைத்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக ஏதாவது சொன்னாரா? கூப்பிட்டாரா? அவள் வாயைத் திறக்கும் முன்பே நாத்தனார் பதில் சொன்னாள். நெஞ்சடைப்பு, ஒரு நொடிதான், கூப்பிட நேரமே இருந்திருக்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றாள். தம்பி வலி தெரியாமல் போனான் என்பதில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். அந்த ஆறுதலை வருகிறவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட ஒவ்வொரு முறையும் இவள் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் உயரமான கட்டடங்களின் குழிகளில் இறங்கி ஏறுவார். வீட்டுக்கு வந்தால் அந்த அறைக்குள் இறங்கிவிடுவார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கணினியைத் தூக்கிவந்து அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டார். மூடியைத் திறக்க விடாத இயந்திரம் எதுவும் அவருக்குப் பிடிக்காது. லினக்ஸில் எந்த மூடியையும் திறக்கலாம் என்று, ஏதோ தானே அதைப் பெற்றவர் மாதிரி பெருமை பேசுவார். அதற்குள் சிந்தசைசர்களை இறக்கினார். இரும்பும் மரமும் இல்லாமல், திரையிலேயே குமிழ்களோடு முளைக்கும் வாத்தியங்கள் அவை. அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் ப்ளக்-இன்கள் வேறு. ஒன்று எதிரொலி சேர்க்கும், ஒன்று கரகரக்க வைக்கும், ஒன்று ஒரே குரலை ஒன்பது பேர் குரலாக்கும். இறக்குவார், குமிழைத் திருகுவார், ஆகா என்பார், மறுநாள் வேறொன்றை இறக்குவார். ஒவ்வொன்றையும் 'சோதனை' என்று எண் போட்டுச் சேமிப்பார். நேற்றோடு எண் நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. பாட்டு என்று ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. கடையில் இருக்கிற சட்டையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு வெறும் உடம்போடு வீட்டுக்கு வருகிற ஆள் என்று அவள் கேலி செய்வாள். "போட்டுப் பாக்குறதுலதான் சொகமே இருக்கு" என்பார். கோபமே வராது.

அவள் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் திரைச்சீலை தைக்கிறவள். அவளுடைய தையல் இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தது. அவருடைய கொய்ங் கொய்ங் சத்தம் பொறுக்காமல், மிஞ்சிய துணியும் கம்பளியுமாக மூன்று அடுக்கு வைத்து ஒரு மெத்தைத் திரை தைத்து, அவர் அறை வாசலில் தொங்கவிட்டாள். அதன்பிறகு இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. அவள் தைத்தவற்றில் அவ்வளவு கச்சிதமான வேலை வேறில்லை.

மூன்று வாரமாக அவர் குரல் பக்கம் திரும்பியிருந்தார். நாம் பேசுவதை வாத்தியமாக மாற்றும் ஏதோ ஒரு ப்ளக்-இன்னாம். அதற்காக மைக் ஒன்றை வளைந்த கம்பியில் மாட்டி, எச்சில் தெறிக்காமல் இருக்கத் தன் பழைய காலுறையை அதற்குப் போட்டுவிட்டார். ஒருநாள் அவளையும் உட்கார வைத்துக் காட்டினார். இதில் எதுவும் தானாகச் சேராது, மைக்கிலிருந்து பதிவுக்குத் திரையிலேயே மவுஸால் கம்பி இழுத்துச் சேர்க்க வேண்டும் என்றார். சேர்த்துவிட்டுப் பேசச் சொன்னார். என்னத்தைப் பேச என்று அவள் கேட்டதற்கே திரையில் ஒரு பச்சைப் பட்டை எழுந்து படுத்தது. "பாத்தியா, அது நீதான்" என்றார். பிறகு கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கத்தச் சொன்னார். கத்தினாள். பட்டை அசையவில்லை. வேலையைக் கெடுத்ததற்காக அவள் அவரைத் திட்டத் தொடங்கியபோது மறுபடி சேர்த்துவிட்டார். பட்டை உச்சிக்குப் போய்ச் சிவந்தது. அவர் சிரித்த சிரிப்பிலும் சிவந்தது.

மைக்கைச் சரிபார்க்க மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். இவர் "இங்க வாயேன்" என்பார். முதல் வாரம் அவள் ஒவ்வொரு முறையும் தையலைப் போட்டுவிட்டு ஓடினாள். "உன்னக் கூப்பிடல, செக் பண்ணேன்" என்பார். மூன்றாவது வாரத்தில் அவள் எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள்.

இன்று காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால், திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, மெத்தைத் திரையைத் தாண்டி மெல்லியதாக ஓர் "இங்க வாயேன்" கேட்டது. அவள் மிதியிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை. அந்த ஓரத்தை முடித்து, மறு ஓரத்தையும் முடித்து, சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்து, காதில் மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் கேட்காது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் திரையை விலக்கியபோது மணி எட்டரை. அவர் மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். ஹெட்ஃபோன் காதிலேயே இருந்தது.

அது சோதனையா, கூப்பிட்டதா? பதில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. யாராவது ஒருவர் உள்ளே போய் எதையாவது தட்டினால் போதும், அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டுவிடும். நாத்தனார் கேட்பாள். எல்லோரும் கேட்பார்கள். எல்லாவற்றையும்விட, அவள் கேட்பாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் நாத்தனார் சாவியைக் கேட்டாள். தம்பியின் நீலச் சட்டை அந்த அறை அலமாரியில் இருக்கிறது, அதைப் போட்டு அனுப்பலாம் என்றாள். அந்தச் சட்டை கிழிந்திருக்கிறது என்று இவள் சொன்னாள். தையல்காரி வீட்டில் கிழிந்த சட்டையா என்பதுபோல நாத்தனார் ஒரு பார்வை பார்த்தாள். பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, கொடியில் கிடந்த சாம்பல் நிறச் சட்டையை எடுத்துத் தேய்க்கப் போனாள்.

மூன்று மணிக்கு, தெரியாத ஒருவர் வந்து அவர் காலடியில் வெகுநேரம் நின்றார். ஒல்லியான மனிதர், விரல் நகங்களில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. பிறகு அவளிடம் வந்து, "அண்ணி, நாந்தான் பல்லுக்காரன்" என்றார். குரலைக் கேட்டதுமே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. செயற்கைப் பல் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். இதே வாத்தியக் கிறுக்கில் இவரும் அவள் கணவரும் ஐந்து வருடமாகத் தொலைபேசியில்தான் சிநேகம். சத்தம் வரவில்லை என்று ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கம்பியே சேர்க்கவில்லை என்று கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். மறப்பது பெரும்பாலும் அவள் கணவர்தான்.

பல்லுக்காரர் குரலைத் தாழ்த்தினார். காலை ஏழு மணிக்குப் புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கப் போவதாக அவள் கணவரிடமிருந்து அவருக்குச் செய்தி வந்திருக்கிறது. பெட்டி இன்னும் ஓடுகிறதா, பதிவை யாராவது நிறுத்தினார்களா என்று கேட்டார். இல்லையென்றால் கணினியில் இடம் நிறைந்து எல்லாம் போய்விடும், அவருடைய கடைசிச் சோதனை அது, பார்த்துச் சேமித்துத் தரட்டுமா என்றார்.

போய்விடட்டும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆனால் தெரியாமலே இருந்துவிட்டால், இனி மிதியில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று தோன்றியது. அவள் எழுந்தாள். தனக்குத் தராத சாவியை முன்பின் தெரியாத ஆளுக்காக எடுக்கிறாளே என்று நாத்தனார் பார்ப்பது முதுகில் பட்டது.

அறைக்குள் நுழைந்ததும் கணினியின் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. கணினித் திரைக்குப் பின்புறமாகக் கிடந்த கட்டிலின் விளிம்பில் அவள் உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை தெரியாது, அதன் முன்னால் உட்கார்ந்த பல்லுக்காரரின் முகம் மட்டும் தெரியும். அதுவே போதும் என்று இருந்தது. பல்லுக்காரர் மவுஸைத் தொட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. ஏதோ ஒன்றை அழுத்தி, பதிவை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"அண்ணா..." என்று அவள் தொடங்கினாள். காலையிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். "எட்டு மணிக்கு முன்னால ஒரு தடவ, இங்க வாயேன்னாரு. செக் பண்றாருன்னு நெனச்சேன். நான் போகல."

அவர் பதிவில் அந்த நேரத்தைத் தேடி மவுஸை நகர்த்தினார்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க. என்னால கேக்க முடியாது."

காலையில் கணவர் தலையிலிருந்து கழற்றிய ஹெட்ஃபோன் மேசையில் கிடந்தது. பல்லுக்காரர் அதை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு தயங்கினார், பிறகு மாட்டிக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முதலில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வாத்தியத்தைக் கேட்கிறார் போலிருக்கிறது, விரல்கள் மேசையில் லேசாகத் தாளம் போட்டன. ஓரிடத்தில் புன்னகைகூட வந்தது. பிறகு விரல்கள் நின்றன. அவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு வெகுநேரம், அவளுக்கு ஒரு யுகம் போல இருந்த நேரம், அசையாமல் இருந்தார். ஹெட்ஃபோனைக் கழற்றும்போது அதன் வயர் அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அதைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"மைக்குக்குக் கம்பியே சேக்கல அண்ணி" என்றார். "வெறும் வாத்தியச் சத்தம்தான் விழுந்திருக்கு. பேச்சே இல்ல. அவருக்குத்தான் இது வழக்கமாச்சே."

எந்த வகையிலும் தெரிந்துகொள்ள முடியாது என்பது இவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த சாவியைக் கட்டிலில் போட்டாள். உள்ளங்கையில் அதன் பற்கள் பதிந்திருந்தன. இனி ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று எழுந்து, அறையை ஒழுங்குபடுத்துகிறவளாக மேசையைச் சுற்றி வந்தாள். மைக்குப் பக்கத்தில் காலைத் தேநீர் பாதிக் கோப்பை ஆடை கட்டிக் கிடந்தது. அதை எடுத்தாள். உள்ளே இருந்த கரண்டி கோப்பையின் விளிம்பில் இடித்தது.

திரையில் பச்சைப் பட்டை விருட்டென்று எழுந்து, மெல்லப் படுத்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பல்லுக்காரரின் கை மவுஸ் வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. அவர் தன் நகங்களைக் குனிந்து பார்த்தார். அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் சொல்லியும் இருப்பார்.

"சேவ் பண்றப்ப பேரு கேக்கும்" என்றாள் அவள். அதற்கும் பட்டை எழுந்தது. "நானூத்திப் பதிமூணு."

"சோதனைன்னே போட்டுரவா அண்ணி?"

"சோதனைன்னே போடுங்க."

அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கரண்டி மறுபடி இடிக்காமல் இருக்க அவள் அதை ஒரு விரலால் கோப்பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். தெருவில் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகளை இழுத்தார்கள். மெத்தைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனாரின் குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாக வந்தது.

"கொஞ்சம் இங்க வாம்மா."

பட்டை ஒரு விரற்கடை எழுந்தது.

"இதோ வந்துட்டேன்" என்றாள் அவள். பட்டை உச்சிவரை போய்ச் சிவந்தது. அது இறங்கி முடிப்பதற்குள், கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அவள் திரையை விலக்கிக்கொண்டு ஓடியிருந்தாள்.