ஏழாம் எண் ஊசி

பரீட்சைக்கு இன்னும் நாலே நிமிடம். ஜாடி அண்ணனின் இடுக்கி வழுக்கியது. ஆட்டு மூளையின் நட்டநடுவில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருந்த பினியல் சுரப்பி, துள்ளிக் குதித்துக் காணாமல் போனது.

உடற்கூறு ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக ஜாடிகளைக் கட்டி மேய்ப்பவருக்கு வேர்த்துக் கொட்டியது. தரையில் தேடினார். சட்டை மடிப்பில் தேடினார். செருப்பைக் கழற்றி உதறினார். ம்ஹூம்.

எண் கொடி கட்டிய குண்டூசிகள் மூளையெங்கும் குத்தி நிற்கும். ஊசி காட்டும் உறுப்பின் பெயரை மாணவர்கள் எழுத வேண்டும். ஏழாவது ஊசிக்குத்தான் இப்போது உறுப்பே இல்லை. வெளியே வரிசையில் அவருடைய மகளும் நிற்கிறாள். மூன்றாவது முயற்சி. இதிலும் கோட்டை விட்டால் படிப்புக்கே முழுக்கு.

மேஜைமேல் அவருடைய டிபன் டப்பா திறந்து கிடந்தது. அவித்த வேர்க்கடலை. ஆபத்துக்குப் பாவமில்லை! ஒன்றைத் தோலுரித்துக் குழியில் வைத்து ஊசியைச் செருகினார். மணி அடித்தது.

பட்டப்பகல் ஒன்றரை மணிக்குப் பேராசிரியை விடைத்தாள்களோடு வந்தார். ஜாடி அண்ணனின் டப்பாவில் கையை விடாமல் பேராசிரியைக்குப் பேச்சே வராது. ஒரு பிடி அள்ளினார்.

“உங்க பொண்ணு ஒரே ஒரு மார்க்ல போச்சு, ஜாடி.”

“எதுல மேடம்?”

“ஏழாவது ஊசி. மத்த நாப்பது பேரும் பினியல்னு எழுதியிருக்காங்க. இருட்டினா தூக்கம் வரவைக்கிற சுரப்பி, இது தெரியாதா? இவ ‘வேர்க்கடலை’ன்னு எழுதியிருக்கா. கொழுப்பைப் பாத்தீங்களா?”

வாசலில் நின்ற மகள் விடவில்லை. “அவங்க மனப்பாடம் பண்ணதை எழுதினாங்க மேடம். நான் பாத்ததை எழுதினேன்.”

“வாயைப் பாரு!”

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மகளின் படிப்பு போகும். ஜாடி அண்ணன் விறுவிறுவென்று போய் ஏழாவது ஊசியைப் பிடுங்கினார். நுனியில் இருந்ததை வாயில் போட்டு மென்றார்.

“மருந்து வாடை தூக்கலா இருக்கு. ஆனா கடலையேதான் மேடம்.”

நடந்ததை ஒன்றுவிடாமல் கக்கினார். பேராசிரியை மகளின் விடைத்தாளை உருவி எடுத்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“நாப்பத்தோரு பேர்ல கண்ணைத் திறந்து பாத்தது இவ ஒருத்திதான். பாஸ். உங்களை நாளைக்கு வச்சுக்கறேன்.”

சொல்லிக்கொண்டே டப்பாவிலிருந்த மிச்சத்தையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மகள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

“அப்போ அசல் சுரப்பி எங்கப்பா போச்சு?”

மூன்று பேரும் காலி டப்பாவைப் பார்த்தார்கள்.

“அதானே பாத்தேன், ஒண்ணு மட்டும் கசந்துச்சேன்னு...” என்று ஆரம்பித்த பேராசிரியை, முடிக்க முடியாமல், பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.