குடிகார வண்டி

ஒர்க்‌ஷாப்காரர் முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டு விரல்களை ஊதினார். “நாலு சக்கரமும் இப்படிக் கொதிக்குதேம்மா. நேத்து நான் தனியா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தப்ப ஜில்லுன்னு இருந்துச்சே!”

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த ஏழு பேர் வண்டிக்காக அவள் ஏறாத படியில்லை. ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, இஞ்செக்டர் கழுவியாயிற்று. வாராவாரம் டயருக்குக் காற்றுப் பிடித்தாள். கூரைமேல் சும்மா கிடந்த கேரியரைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டாள். டீசலில் கலப்படமோ என்று பங்க்கையும் மாற்றிப் பார்த்தாள். எதற்கும் அது மசியவில்லை. ஊற்ற ஊற்றக் குடித்தது. பின்னால் வருகிறவர்கள் வேறு காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். வீட்டில் இதற்குக் குடிகாரன் என்றே பெயர் விழுந்துவிட்டது. “முதல்ல இந்தக் குடிகாரன வழிக்குக் கொண்டு வா, அப்புறம் வேலைய பத்தி யோசி. இல்லன்னா வாங்குற சம்பளத்த அப்படியே டேங்க்ல ஊத்த வேண்டியதுதான்” என்று கணவன் சொல்லிவிட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

பக்கத்து ஊர்க் கிளையில் பிரிவுத் தலைவி பதவி அவளுக்காகக் காத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்தப் பக்கம் ஒழுங்கான பஸ் கிடையாது. பதவி, மேசை, அறை எல்லாம் இருக்கட்டும். யாரிடமும் சொல்லாத ஆசை ஒன்று அவளுக்கு இருந்தது. அப்பா அவ்வளவு தூரம் வரமாட்டார். “என் முதுகு தாங்காதும்மா” என்று அவரே சொல்லிவிட்டார். அம்மா போனதிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு முன்பே ஏறி உட்கார்ந்துகொள்கிறவர் அவர். அவள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள நூலகத்தில் இறங்குவார். சாயங்காலம் அதே வாசலில் ஏறுவார். வீட்டில் பிள்ளைகள், அலுவலகத்தில் மேலாளர், நடுவில் அப்பா. தனியாக ஒரு மணி நேரம், கண்ணாடியை இறக்கிவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல். அதை நினைத்தாலே நெஞ்சு லேசாகும். லேசானதும் பெற்ற அப்பாவைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று குறுகுறுக்கும்.

“பிரேக் பிடிச்சபடியே ஓடுதும்மா. அதான் சூடு, அதான் இந்தக் குடி. ஆனா நான் ஓட்டும்போது பிடிக்கல, நீங்க ஓட்டும்போது பிடிக்குது. பேயா பிசாசா?” என்று முனகிக்கொண்டே ஒர்க்‌ஷாப்காரர் அவள் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

“இங்க ஏம்மா இன்னொரு பிரேக் இருக்கு?”

அவளுக்கு அப்போதுதான் ஞாபகமே வந்தது. அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். ஸ்கூலை மூடியபோது, வாத்தியார் பக்கத்தில் இருக்கும் அந்தப் பிரேக்கைக் கையோடு கழற்றிக் கொண்டுவந்து இந்த வண்டியில் பொருத்தினார், மகளுக்குக் கற்றுத்தர. அவள் லைசென்ஸ் வாங்கி, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். பிரேக் மட்டும் அங்கேயே இருந்தது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய முக்காலியைப் போல அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். தன் பக்கத்துப் பிரேக் ரப்பரில் வரிகள் இன்னும் தெரிந்தன. அப்பா பக்கத்து ரப்பர் வழவழவென்று தேய்ந்து, நடுவில் இரும்பு தெரிந்தது.

அப்பா கொட்டகை நிழலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

“சும்மா கால வெச்சிருப்பேம்மா. அழுத்த மாட்டேன்.”

“தினமுமாப்பா?”

“நீ நல்லாத்தாம்மா ஓட்டுற. எதிர்ல வர்றவன நம்ப முடியாதே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக ஓட்டுவது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “கழட்டிடுங்கண்ணா” என்றாள்.

“அது பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே கால வெக்கலம்மா, போதுமா?”

“கழட்டிடுங்க.”

ஒர்க்‌ஷாப்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். கழற்றியதை அப்பாதான் கை நீட்டி வாங்கிக்கொண்டார். கைக்குட்டையால் கிரீஸைத் துடைத்து, படித்துக்கொண்டிருந்த பேப்பரிலேயே சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காக மனசை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. கிளம்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. காலை லேசாக வைத்தாலே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடலாம். இப்போதே சொன்னாலும் சொல்லலாம். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. அப்பாவின் வலது கால் மெல்ல நீண்டது. செருப்புக்குள் கட்டைவிரல் வளைந்து, பிரேக் இருந்த இடத்தில் வெறும் தரையை அழுத்தியது. வண்டி வேகம் குறைந்தது. அவள் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

சைக்கிள் எப்போதோ ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டது. அவள் வேகம் எடுத்தாள். வளைவு வந்தது, அந்த விரல் வளைந்தது, அவள் பாதம் இறங்கியது. அவர் அழுத்துவதைப் பார்த்துத்தான் தானும் அழுத்துகிறோமா, இல்லை அதற்கு முன்பே அழுத்திவிடுகிறோமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“இனிமே எல்லாம் சரியாயிடும்மா” என்றார் அப்பா, பேப்பர் பொட்டலத்தைத் தடவிக்கொண்டே.

முன்னால் நேர் ரோடு. ஓர் ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். இடது பக்கம், மூடிக்கிடந்த ஒரு நீளக் கடையின் கண்ணாடியில் அவர்கள் வண்டி ஊர்ந்து போனது. அதன் பின்பக்கத்துச் சிவப்புப் பிரேக் விளக்குகள் அணையாமல் கூடவே வந்தன.