பந்தியில உட்கார்ந்த டிராகனுங்க

எங்க ஊர்ல ஆன்லைன் கார்டு கேம் ஆடணும்னா, டெக்குல இருக்குற ஒவ்வொரு கார்டையும் அவங்க வீட்டுக்கே போய், வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும். ஒரு டெக்குக்கு நாப்பது கார்டு. நாப்பது வீடு. மேட்ச் அன்னைக்குக் காலையில அவங்களே குளிச்சுட்டு வந்து மொபைல்ல ஏறிக்குவாங்க. ஆட்டம் முடிஞ்சதும் இறங்கிப் போயிடுவாங்க.

என்னோடது கல்யாண டெக். நாதஸ்வரம், தவில், ரெண்டு வீடியோக்காரங்க, மேடையில சும்மா நிக்கிறதுக்குன்னே ஒன்பது பேர், மொய் எழுதுற இடத்துல சண்டை போடுறதுக்கு ஒரு அத்தை. இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல நின்னதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரா சேர்த்தேன்.

ஃபைனலுக்கு முப்பத்தொன்பது பேரை நேர்ல போய் அழைச்சேன். நாப்பதாவது தாய்மாமன். டெக்குலயே பெரிய கார்டு அவர்தான். அவர் வீடு ஊருக்கு அந்தக் கோடி பொன்மலை, நாங்க இந்தக் கோடி உறையூர். அன்னைக்கு வண்டியில பெட்ரோல் இல்ல. அவருக்கு மட்டும் வாட்ஸப்புல பத்திரிகை அனுப்பி, கீழ ரெண்டு கும்பிடும் போட்டேன். நீல டிக் விழுந்துச்சு. வந்துடுவார்னு விட்டுட்டேன்.

ஃபைனல்ல ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமா வைக்கணும். தோத்தா அந்தக் கார்டு ஜெயிச்சவன் வீட்டுக்குக் குடி போயிடும். நான் ரசம் மாஸ்டரை வச்சேன். அவர் காலிறுதிக்கு வந்தவர். எங்க அடுப்பு பிடிச்சுப்போய் அப்படியே தங்கிட்டார். ரெண்டு மாசமா அம்மா ரசத்தைச் சோத்துல ஊத்துறதே இல்ல, டம்ளர்லதான்.

"மாஸ்டரையா வச்ச?"ன்னு அம்மா கேட்டாங்க.

"ஆமா."

"என்னை வச்சிருக்கலாம்ல."

"நீ என் டெக்குல இல்லம்மா."

அம்மா கொத்தமல்லி ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னாங்க. "நவநீ, மாஸ்டர் இந்த வீட்ட விட்டுப் போனா, மறுநாள் நீ காலேஜுக்குப் போற. அவரும் இல்லாம உன் மூஞ்சிய மட்டும் நாள் பூரா என்னால பார்க்க முடியாது."

காலேஜ்ல ஜன்னலோரம் மூணாவது பெஞ்சுல என் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. யாராவது வந்து உட்காருங்கன்னு ஆபீஸ்ல இருந்து வாராவாரம் போன் வரும். மாஸ்டரும் பயந்துதான் இருந்தார். எதிராளி ஊர் தூத்துக்குடி; அந்தத் தண்ணிக்குத் தன் ரசம் நிக்காதுன்னார்.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம். எதிர்ல தூத்துக்குடி ரெக்ஸன். அவனோடது முழுக்க டிராகன். பந்தயத்துக்கு ஒரு சாம்பல் டிராகனை வச்சிருந்தான். ரூல் ஒண்ணுதான்: யார் பக்கம் களத்துல ஆளே இல்லாமப் போகுதோ அவன் தோத்தான்.

"என்ன மக்கா, கல்யாண செட்டா?"ன்னான் ஹெட்போன்ல. "பொண்ணு மாப்பிள்ளைய காணோம்?"

"அவங்க சும்மா ஒரு சாக்கு. டெக்குல வைக்கல."

"அதுவும் சரிதான்."

அவன் ஏழு டிராகனை இறக்கினான். முதல் ஊதுல பந்தல் போச்சு. தவில்காரர் "தம்பி, தோலு கருகிருச்சு, நான் கிளம்புறேன்"னு மொபைல்ல இருந்து இறங்கிப் போனார். மேடையில நின்ன ஒன்பது பேரும் எரிஞ்சுக்கிட்டே போட்டோவுக்குச் சிரிச்சாங்க. அத்தை மட்டும் ஒரு டிராகன்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டுட்டு, தொண்டை கட்டிப்போய்க் கிளம்பினாங்க.

சரி, இனி மாமாதான்னு அவர் கார்டைப் போட்டேன். பட்டு வேட்டியில வந்தார். வந்தவர் எனக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டார்.

"மாமா, அடிங்க."

"நான் யாரோ எவரோ. வழியில போனேன், கூட்டமா இருந்துச்சு, எட்டிப் பார்த்தேன்."

"பத்திரிகை அனுப்பினேனே."

"என் நம்பர் தெரிஞ்ச மாப்ளைக்கு என் வாசல் தெரியல."

சொல்லிட்டு மொபைல்ல இருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கிட்டு, பொன்மலை பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டார்.

ரெக்ஸன் சிரிக்கல. "வாட்ஸப்புலயா அழைச்ச? எங்க டிராகனுக்கே நான் வீடு வீடா போனேன் மக்கா."

களத்துல எனக்கு மிச்சம் சித்தப்பா ஒருத்தர். அவருக்கு அடிக்கிற சக்தி கிடையாது. சாப்பிடுவார், அவ்வளவுதான். கையில ஒரே ஒரு கார்டு இருந்துச்சு, பந்தி. அதைப் போட்டேன். இலை விரிஞ்சுச்சு. சித்தப்பா ஓரத்துல உட்கார்ந்தார். அழைச்சா உட்காராம இருக்கக்கூடாதுன்னு ஏழு டிராகனும் வாலை மடிச்சு வரிசையா உட்கார்ந்துச்சுங்க. மாஸ்டர் பரிமாறினார். பந்தயத்துல இருக்குற ஆளு பரிமாறலாம்.

பந்தி நடக்குறப்ப கேம்ல கடிகாரம் நின்னுடும். வரிசையில கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் யாரும் எழுந்திரிக்கவும் கூடாது. டிராகனுங்க பத்து நிமிஷத்துல முடிச்சிருச்சுங்க. சித்தப்பா அப்பத்தான் சாம்பார்ல இருந்த முருங்கைக்காயை எல்லாம் பொறுக்கி ஒரு பக்கமா அடுக்கிக்கிட்டு இருந்தார்.

நான் தட்டுல வெத்தலை, பாக்கு, பழம் எடுத்துக்கிட்டேன். பெட்ரோல் போட்டுக்கிட்டு பொன்மலைக்கு விட்டேன்.

மாமா அப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சேர்ல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துட்டு உள்ள திரும்பி, "யாரோ வந்திருக்காங்க பாரு"ன்னார். அவர் வீட்டுக்காரம்மா காபி கொண்டு வந்தாங்க. நான் தட்டை நீட்டி, "மாமா, இன்னைக்கு ஃபைனல். குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்"னேன்.

"என்னைக்கு?"

"இன்னைக்குத்தான் மாமா. பந்தி ஓடிக்கிட்டிருக்கு."

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாப்ள"ன்னுட்டு வேற சட்டை மாத்தப் போனார். அந்தச் சட்டையை அயர்ன் பண்ணி முடிக்கக் கால்மணி நேரம்.

வண்டியில உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தேன். சித்தப்பா ரெண்டாந்தடவை சாம்பார் கேட்டு, ரசத்துக்கு வந்து, மோருக்கு வந்திருந்தார். மாமா மொபைல்ல ஏறினதும்தான் இலையை மடிச்சார். டிராகனுங்களும் மடிச்சுச்சுங்க. நல்ல காரியம்ங்கிறதால தன் பக்கமா மடிச்சுச்சுங்க. வளர்ப்பு அப்படி.

கடிகாரம் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. மாமா யாரையும் அடிக்கல. நேரா மண்டப வாசலுக்குப் போய் நின்னு, தேங்காய் போட்ட தாம்பூலப் பையை ஒவ்வொரு டிராகன் கையிலயும் குடுத்து, "வந்ததுல ரொம்ப சந்தோஷம்"னார். பையை வாங்கினதுக்கு அப்புறம் யாரும் மண்டபத்துல நிக்க மாட்டாங்க. ஏழும் கும்பிட்டுட்டுக் கிளம்பிருச்சுங்க.

"மக்கா, எங்க பக்கம் ஒருத்தரும் இல்ல"ன்னான் ரெக்ஸன்.

"சாப்பாடு எப்படியாம்?"

"ரசம் ஏ-ஒன்னுன்னு சொல்லுதாவ."

மாஸ்டர் எங்க வீட்டுலயே இருந்துட்டார். அம்மா இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சாங்க.

செவ்வாய்க்கிழமை சாம்பல் டிராகன் தூத்துக்குடி பஸ்ல வந்து இறங்குச்சு. அமைதியான டைப். வந்ததும் கை கால் கழுவிட்டு, என் பழைய புத்தகத்தை எடுத்து வச்சு மூணு நாள் படிச்சுச்சு. வெள்ளிக்கிழமை காலேஜ் ஆபீஸ்ல இருந்து போன் வந்தப்ப அம்மா, "திங்கட்கிழமை ஆள் வரும்"னு சொல்லிட்டாங்க.

இப்ப ஜன்னலோரம் மூணாவது பெஞ்சுல அதுதான் உட்காருது. முதல் செமஸ்டர்லயே என்னோட அஞ்சு அரியரையும் முடிச்சிருச்சு. நேத்து சாயங்காலம் வந்து, நகத்துல ஸ்கேலைப் பிடிச்சா கோடு கோணலா வருதுன்னு லேப் ரெக்கார்டை நீட்டுச்சு. ஸ்கேல் வச்சு எல்லாப் பக்கத்துக்கும் மார்ஜின் போட்டுக் குடுத்தேன்.